பேசினால்: நிறுத்து, தாழ்த்து, விடு

1

இந்தக் கதை ஓர் இயந்திரக் கையேட்டின் பதினான்காம் பக்கத்தில் பிறந்தது. மற்றவர்களுக்குக் கதை கனவில் வருகிறது, அல்லது பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் வாயிலிருந்து வருகிறது. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நான் தேனியில் உட்கார்ந்து கையேடுகளைத் தமிழில் பெயர்த்துப் பிழைக்கிறவன். மிக்ஸி, இன்வர்ட்டர், போர் மோட்டார் எல்லாம் பெயர்த்தாயிற்று. போன மாதம் வந்தது, பஸ் நிலையங்களில் வைக்கிற அறிவிப்பாளர் கருவி.

பதினான்காம் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது: "அறிவிப்பாளர் பேசத் தொடங்கினால், ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருப்பது என்ன ஆக வேண்டும்? ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும். (அ) நிறுத்து. (ஆ) தாழ்த்து. (இ) விடு."

மூன்றாவதற்குத் தமிழ் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. கம்பெனிக்காரர்கள் ஒரு நிமிடத்தில் ஏற்றுக்கொண்டார்கள். நான்தான் அந்தப் பக்கத்தை விட்டு நகர முடியாமல் கிடந்தேன். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் வாயைத் திறந்தால் முதலாமவரை என்ன செய்வது? என் வீட்டில் முப்பது வருடமாக இந்தக் கேள்விக்குத் தீர்ப்பு இல்லை. அப்படியிருக்க, ஒரு பெட்டி அதை மூன்று எழுத்தில் முடித்துவைத்திருந்தது.

சரி, இப்படி ஒரு பெட்டி எண்பது வருடங்களுக்கு முன்னால் இந்த ஊரில் இருந்திருந்தால் யார் கையில் இருந்திருக்கும், எதைத் தேர்ந்தெடுத்திருப்பார் என்று யோசித்தேன். அவ்வளவுதான் மூலக்கதை.

2

முதல் தொடக்கம்: "மேற்கு மலையில் வெயில் இறங்கும் வேளையில், தேனிக் கடைவீதியிலே—"

அடித்துவிட்டேன். இந்த ஊரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் மலையிலிருந்துதான் இறங்குகிறார்கள். கடைவீதியில் நிற்கிறவன் மலையைப் பார்ப்பதில்லை. எதிர்க்கடையில் எவ்வளவு கூட்டம் என்று பார்ப்பான்.

இரண்டாம் தொடக்கம்: "உலகப் போர் உச்சத்தில் இருந்த 1943ஆம் ஆண்டு, நேச நாடுகளின்—"

இது பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி இருக்கிறது.

மூன்றாம் தொடக்கம்: "அய்யாத்துரையிடம் இரண்டு குழாய்கள் இருந்தன."

இது தேவலை. இதையே வைத்துக்கொள்வோம். [குழாய் என்பது ஒலிபெருக்கி, பெரிய ஊமத்தம்பூ மாதிரி தகரத்தில் இருக்கும். தண்ணீர்க் குழாய் ஊருக்கு வந்து சேராத காலமாதலால் யாருக்கும் குழப்பம் ஏற்படவில்லை.]

3

அய்யாத்துரையிடம் இரண்டு குழாய்கள் இருந்தன. அவர் சைக்கிள், கிராமபோன், தையல் மெஷின் உதிரி விற்கிறவர். ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு மனைவி சுகிர்தத்தோடு வேதக்கோயிலுக்குப் போவார். மற்ற ஆறு நாளும் சாயங்காலம் ஆறு மணிக்குச் சர்க்காரின் குரலாக இருப்பார். சண்டைச் செய்தி ஜனங்களைச் சேர வேண்டும் என்று அவருக்கு ஒரு ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் இந்த இரண்டு குழாய்களும் கொடுத்திருந்தார்கள்.*

ஒரு குழாய் கடை மாடியில், கடைவீதியைப் பார்த்து. இன்னொன்று முக்கால் மைல் தூரம் கம்பி இழுத்து அல்லிநகரத்தில், கிணற்றடிக் கம்பத்தில். திருச்சிச் செய்தி முடிந்ததும் அரிசி போடும் நேரம், சந்தை விவரம், காணாமல் போன மாடு ஆகியவற்றை அவரே மைக்கில் சொல்வார்.

இதற்கெல்லாம் அவர் சொந்தமாக ஒரு தேக்குப் பெட்டி செய்துவைத்திருந்தார். அதில் மூன்று திருகுகள். ஒவ்வொன்றின் கீழும் வெள்ளைப் பெயின்டில் அவர் கையெழுத்து. முதலாவது "எங்கிருந்து": ரேடியோ, பிளேட், மைக். இரண்டாவது "எங்கே": கடைவீதி, அல்லிநகரம், இரண்டும். மூன்றாவது "பேசினால்": நிறுத்து, தாழ்த்து, விடு. மைக்குக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் பெட்டிக்குள் பழைய அழைப்புமணிக் காந்தம் ஒன்று 'டக்' என்று இழுத்துக்கொள்ளும், மூன்றாம் திருகு சொன்னபடி நடக்கும். பெட்டியின் பின்னால் ஒரு ஓட்டையிலிருந்து காதுக்கருவி ஒன்று தொங்கியது. அது ரேடியோவோடு நேராகச் சேர்ந்தது. மற்ற திருகுகள் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதற்குக் கவலையில்லை.

அவர் எப்போதும் "நிறுத்து" என்றே வைத்திருந்தார். ஒருவர் பேசும்போது இன்னொருவர் பேசக் கூடாது என்பது அவர் வளர்ந்த விதம்.

குழாய் பொய் சொன்னதில்லை. அரிசி நாலு மணிக்கு என்றால் நாலு மணிக்குத்தான். இதனால் ஊரில் ஒரு பழக்கம் முளைத்தது. யார் எந்தச் சேதியைச் சொன்னாலும் "குழாயில வந்துச்சா?" என்று கேட்பார்கள். வரவில்லை என்றால் நடையைக் கட்டுவார்கள். தாசில்தாரே நேரில் வந்து சொன்னாலும் குழாயில் வராதது அரைச் சேதிதான்.

* இந்த ஏற்பாடு முழுக்க என் கற்பனை. பழைய கெஜட்டைப் புரட்டிவிட்டு எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

4

இனி, இந்தக் கதையில் எதையாவது இழக்கப் போகிறவர்.

மொக்கம்மாளுக்கு இருபத்தெட்டு வயது. அல்லிநகரத்துக்காரி. மார்க்கையன்கோட்டைக் கொடிக்காலிலிருந்து வருகிற வெற்றிலையைக் கூடையில் வைத்துக் கடைவீதியில் கடை கடையாகக் கொடுப்பவள். அவள் கணவன் தவசி பட்டாளத்தில் சமையல்காரனாகச் சேர்ந்து 1941இல் சிங்கப்பூர் போனான். அடுத்த வருடம் சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போயிற்று. அன்றிலிருந்து ஒன்றரை வருடமாகக் கடுதாசி இல்லை.

தவசியின் அண்ணன் கர்ணன். அவருக்குக் கல்யாண வயதில் ஒரு மகள். போடியிலிருந்து பெண் கேட்டு வந்தவர்கள், இருக்கிறானா செத்தானா என்று தெரியாத ஆள் உள்ள வீட்டில் கை நனைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கர்ணன் ஒன்றரை வருடம் பொறுத்தார். பிறகு நாள் குறித்துவிட்டார். ஆடி கடைசி வியாழக்கிழமை காலையில் வைக்கோலில் தவசிக்கு ஓர் உருவம் கட்டிக் கருமாதி செய்துவிடுவது. மொக்கம்மாளுக்குத் தாலி அறுத்துவிடுவது. ஆவணியில் மகள் கல்யாணத்தை வைத்துக்கொள்வது.

கர்ணனை வில்லனாக்க மூன்று முறை முயன்றேன். பெரிய மீசை வைத்துப் பார்த்தேன். நிலத்தின் மேல் கண் என்று எழுதினேன். ஒன்றும் ஒட்டவில்லை. மனிதர் தம்பியின் வைக்கோல் உருவத்துக்குக் கட்டுவதற்காகத் தன்னிடமிருந்த ஒரே சரிகை வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறார். அப்படிப்பட்டவரை என்ன செய்வது? மீசையை எடுத்துவிட்டேன்.

மொக்கம்மாளுக்கு இதில் சம்மதமில்லை. ஆனால் அதைச் சொல்ல வழியில்லை. அவர்கள் வீட்டுப் பழக்கத்தில், கணவனின் அண்ணன் எதிரே பெண் நிற்கவும் மாட்டாள், அவரிடம் நேராகப் பேசவும் மாட்டாள். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் மொக்கம்மாளும் கர்ணனும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. எல்லாம் கர்ணனின் மனைவி கருத்தம்மாள் வழியாகத்தான் போகும், வரும்.

"அக்கா, பெரியவுககிட்டச் சொல்லுங்க," என்றாள் மொக்கம்மாள், கதவுக்குப் பின்னால் நின்று. "அவுக செத்ததப் பாத்தவுக ஒருத்தரும் இல்ல. எனக்கு அறுக்கப்படாது. நான் விடமாட்டேன்."

கருத்தம்மாள் உள்ளே போனாள். "அவளுக்குக் கொஞ்சம் சங்கடமா இருக்காம்," என்றாள்.

"இருக்கத்தேன் செய்யும்," என்றார் கர்ணன்.

கருத்தம்மாளைக் குறை சொல்ல முடியாது. கல்யாணம் நிற்பது அவள் மகளுக்கு. அவள் முழுக்க நிறுத்தவில்லை, தாழ்த்தினாள்.

5

அய்யாத்துரை ஒரு குற்றம் செய்துகொண்டிருந்தார்.

செய்தியும் அறிவிப்பும் முடிந்த பிறகு இரண்டு குழாய்க்கும் கிராமபோன் பிளேட்டைத் திருப்பிவிட்டு, காதுக்கருவியை மாட்டிக்கொண்டு, ரேடியோ முள்ளை நகர்த்தி ஜப்பான்காரன் வசமிருந்த சிங்கப்பூரைக் கேட்பார். எதிரி ரேடியோவை நாலு பேருக்குக் கேட்க வைத்தால் ஜெயில். தனியாகக் கேட்டால் என்ன என்பது அவருக்கும் சரியாகத் தெரியாது, கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடிய விஷயமும் இல்லை. ஏன் கேட்டார் என்றால் என்னிடம் பதில் இல்லை. முள் இருந்தால் மனிதன் அதைத் திருப்பித்தான் பார்ப்பான்.

புதன்கிழமைதோறும் ஆறரை மணிக்கு அந்த ரேடியோவில் தங்கள் வசமிருக்கும் கைதிகளின் பெயர்களை வாசித்தார்கள், ஒரு வாரம் வாசித்ததை மறு வாரமும் வாசிப்பார்கள். [புதன் என்பது என் சௌகரியம். வியாழக்கிழமை காலை கருமாதி இருக்கிறதல்லவா.] கருமாதிக்கு முந்தின வாரம் அதில் "தவசி, மதுரை ஜில்லா" என்று ஒரு பெயர் வந்தது. தேனி அப்போது மதுரை ஜில்லாவில்தான் இருந்தது. அடுத்து ஊர்ப் பெயர் வர வேண்டிய இடத்தில் இரைச்சல் வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விட்டது.

சாப்பிடும்போது சுகிர்தத்திடம் சொன்னார். சுகிர்தம் மறுநாள் காலை பின்வாசலில் வெற்றிலை கொடுக்க வந்த மொக்கம்மாளிடம் சொன்னாள். (இரண்டாம் பிரதியில் சுகிர்தத்தை நீக்கியிருந்தேன், ஆள் அதிகம் என்று. பிளேட் மாற்ற ஆளில்லாமல் மூன்றாம் பிரதியில் போய்க் கூப்பிட வேண்டியதாயிற்று. வந்தாள். முகம் கொஞ்சம் உம்மென்றுதான் இருந்தது.)

மொக்கம்மாள் கூடையோடு கடைக்குள் வந்தாள்.

"அண்ணாச்சி, அக்கா சொன்னது நெசமா?"

"காதுல விழுந்துச்சு தாயி. பொய் சொல்லல. ஆனா எந்தத் தவசின்னு தெரியல. மதுர ஜில்லாவுல நூறு தவசி இருப்பாக."

"எங்க பெரியவுககிட்ட வந்து சொல்வீகளா?"

"சொல்றேன். நம்புவாகளா?"

மொக்கம்மாள் கூடையைத் தரையில் இறக்கினாள். "மாட்டாக," என்றாள். "குழாயில வந்தாத்தேன்."

"குழாயில நான் எப்படிச் சொல்றது? எங்கன கேட்டேன்னு கேப்பாகளே."

"நீங்க ஏன் சொல்லணும்? அந்த ரேடியோவே சொல்லட்டும். வர்ற புதங்கெழம அல்லிநகரத்துக் குழாயில விடுங்க."

6

[வாசகர் ஒருவர் இந்த இடத்தில் கை தூக்குவார் என்று எனக்குத் தெரியும். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரைக் கடைக்கு அழைத்துக் காதுக்கருவியைக் கொடுத்தால் போதாதா? போதாது. ஒரு காதுக்கருவியில் ஒரு காதுதான் கேட்கும். இரண்டு பெரியவர்களில் யார் முதலில் கேட்பது என்ற வழக்கு ஆவணி வரை ஓடும். கையை இறக்குங்கள்.]

அய்யாத்துரை ஒப்புக்கொண்டார், பாதிச் சேதியை அவள் காதில் போட்டது அவர் வீடுதானே. அவருக்கு வந்த சிக்கல் வேறு. கடைவீதிக் குழாயின் நேர் கீழே பெஞ்சில் கான்ஸ்டபிள் பிச்சைமணி உட்கார்ந்திருப்பார். அங்கே சிங்கப்பூர் கேட்கக் கூடாது. கடைவீதிக் குழாயை மூடிவிடவும் முடியாது. ஆறரைக்குப் பாட்டு நின்றால் பிச்சைமணி எழுந்து மாடிக்கு வந்துவிடுவார். ஆகவே ஒரே நேரத்தில் கடைவீதிக்குப் பிளேட், அல்லிநகரத்துக்கு ரேடியோ. பெட்டி அதற்குச் செய்யப்பட்டதல்ல. அது ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் அனுப்பும்.

இதற்கு இன்னொரு ஆம்ப்ளிஃபயர் வேண்டும். அவரிடம் ஒன்றுதான் இருக்கிறது. நான் இன்னொன்றைத் தருகிறேன். கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விடுகிற பழையது, ஓரமாகக் கிடந்தது என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியன் என்று ஒருவன் இருப்பதே இந்த மாதிரி உதவிக்குத்தானே.

செவ்வாய்க்கிழமை கடையைப் பாதி சாத்திவிட்டுப் பெட்டியைப் பிரித்தார். "எங்கிருந்து" திருகின் கம்பிகளை இரண்டாகப் பிரித்து, ரேடியோவைப் புது ஆம்ப்ளிஃபயர் வழியாக அல்லிநகரம் கம்பிக்கும், பிளேட்டைப் பழையது வழியாகக் கடைவீதிக் கம்பிக்கும் கொடுத்தார். இரண்டும் கலக்காமல் போயின. சுகிர்தம் அல்லிநகரம் வரை நடந்து போய்க் கேட்டுவிட்டு வந்து, "சுத்தமா இருக்குங்க," என்றாள். அவர் மூடியைத் திருகி முடுக்கினார்.

ஒன்றை மறந்துவிட்டார். மைக் பொத்தானின் காந்தம் பழையபடி இரண்டு கம்பிகளையும் சேர்த்தே பிடித்திருந்தது.

நானும் மறந்துவிட்டேன் என்பதுதான் உண்மை. ஏழாம் பகுதியைப் பாதி எழுதிய பிறகுதான் பார்த்தேன். திரும்பி வந்து சரிசெய்திருக்கலாம். அவருடைய தவறாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

7

முதல் பிரதியில் இந்த இடத்தில் மொக்கம்மாள் அல்லிநகரம் குழாயடியில் நின்று, முகத்தை உயர்த்தி—

முடியாது. குழாயடியில் கர்ணன் நிற்கிறார். கருத்தம்மாள் சொல்லி, "ரேடியோவில தம்பியப் பத்தி ஏதோ வருதாம்" என்று அவரும் இருபது பேரும் வந்து நிற்கிறார்கள். அவர் நிற்கிற இடத்தில் அவள் நிற்க மாட்டாள். ஆகவே அவளைக் கடைமாடிக்கே கொண்டுவந்துவிட்டேன். சுகிர்தத்துக்குப் பக்கத்தில், பிளேட் பெட்டியை ஒட்டி, சுவரில் சாய்ந்து நின்றாள்.

புதன்கிழமை, ஆறு இருபத்தெட்டு. சுகிர்தம் பிளேட்டை வைத்தாள். கடைவீதியில் நாதஸ்வரம் கிளம்பியது. அய்யாத்துரை காதுக்கருவியை மாட்டினார். முள் சிங்கப்பூரில் நின்றது. அல்லிநகரம் கம்பியைத் திறந்தார். அங்கே இருபத்தோரு பேர் தலைக்கு மேல், கடலுக்கு அப்பாலிருந்து ஒருவர் தமிழில் பெயர் வாசிக்க ஆரம்பித்தார். சேலம் ஜில்லா. பிறகு கோயம்புத்தூர் ஜில்லா.

கோயம்புத்தூர் முடிகிற நேரத்தில் மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

பிச்சைமணி கையில் ஒரு துண்டுச் சீட்டோடு வந்து நின்றார். "அய்யாத்துரை, ஒரு கிடேரி காணாமப் போச்சு. பழனிசெட்டிபட்டிக்காரருது. இப்பவே சொல்லிரும்."

"பிளேட்டு முடியட்டுமே ஏட்டையா."

"பிளேட்டு எங்கயும் ஓடிராது. கிடேரி ஓடிரும்."

இதற்கு எதிர்வாதம் கிடையாது. கான்ஸ்டபிள் பக்கத்தில் நிற்கிறார், காதில் எதிரி பேசுகிறான். அய்யாத்துரை சீட்டை வாங்கிப் பொத்தானை அழுத்தினார். டக்.

கடைவீதியில் நாதஸ்வரம் நின்றது. அல்லிநகரத்தில் சிங்கப்பூர் நின்றது. இரண்டு ஊருக்கும் அய்யாத்துரையின் குரல் போயிற்று. "இதனால் அறிவிப்பது என்னவென்றால், வெள்ளைக் கிடேரி ஒன்று, நெற்றியில் சுழி உள்ளது..."

காதுக்கருவி மட்டும் நிற்கவில்லை. அதற்கு இந்தக் காந்தத்தோடு சம்பந்தம் கிடையாது. அவர் வாய் கிடேரியைச் சொல்லிக்கொண்டிருக்க, காதில் "மதுரை ஜில்லா" என்றார்கள்.

"...வலது கொம்பு..." என்றார் அய்யாத்துரை. பிறகு பேச்சு நின்றது.

அந்த இடைவெளி நாலு விநாடி இருக்கும். கடைவீதியும் அல்லிநகரமும் வலது கொம்புக்கு என்ன ஆயிற்று என்று காத்திருந்தன. மொக்கம்மாள் சுவரிலிருந்து முதுகை எடுத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"...வளைந்தது," என்று முடித்துவிட்டுப் பொத்தானை விட்டார். அல்லிநகரத்தில் சிங்கப்பூர் திரும்பி வந்தபோது அது திருநெல்வேலி ஜில்லாவுக்குப் போயிருந்தது. அவர் கம்பியை மூடினார்.

பிச்சைமணி திருப்தியாகப் படியிறங்கினார்.

8

மூன்றாம் திருகு "தாழ்த்து" என்று இருந்திருந்தால்? எழுதிப் பார்த்தேன். அல்லிநகரத்தில் கிடேரிக்கு அடியில் மெல்லிய குரலில் பெயர்கள் ஓடுகின்றன. இருபத்தோரு பேரும் கேட்டதைச் சேர்த்துவைத்துப் பேசுகிறார்கள். நெற்றியில் சுழியுள்ள கிடேரி சிங்கப்பூரில் ஜப்பான்காரனிடம் பிடிபட்டிருக்கிறது என்று முடிவாகிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. மொக்கம்மாளுக்கு வந்திருக்காது. கிழித்தேன்.

"விடு" என்று இருந்திருந்தால், காந்தம் சேர்த்துப் பிடித்த கம்பிகளில் கிடேரியும் சிங்கப்பூரும் முழுச் சத்தத்தில் இரண்டு ஊருக்கும் போய், பிச்சைமணி நிமிர்ந்து பார்த்து, அய்யாத்துரை கையில் விலங்கோடு படியிறங்குவார். அவர் தியாகியாகிவிடுவார். பிறகு சிலை, மாலை, வருடம் தவறாமல் ஒரு கூட்டம். மறுநாள் காலை மொக்கம்மாளுக்குத் தாலி அறுத்ததைப் பற்றி அந்தக் கூட்டத்தில் ஒருவரும் பேச மாட்டார்கள். அதையும் கிழித்தேன்.

ஆகவே "நிறுத்து"தான் நிலைத்தது. அந்த முடிவின்படி, ஊருக்கு ஒன்றும் தெரியாது, அய்யாத்துரைக்கு மட்டும் தெரியும், அவர் திரும்பி மொக்கம்மாளிடம் மெதுவாக—

இந்த வாக்கியத்தை எட்டு நாள் ஆகியும் என்னால் முடிக்க முடியவில்லை. "மெதுவாக" என்று எழுதியவுடன் அவள் குறுக்கிட்டுவிடுகிறாள்.

9

"அண்ணாச்சி, சொல்லாதீக," என்றாள் மொக்கம்மாள்.

அய்யாத்துரை வாயை மூடினார்.

"நீங்க ஒண்ணு சொன்னா நான் அதைத்தேன் சொல்லணும். இன்னொண்ணு சொன்னா அத மறைக்கணும். எனக்கு ரெண்டும் வேணாம். அந்த மைக்க இங்கன தள்ளுங்க."

"தாயி, இதுல பொம்பளையாளுக யாரும்—"

"என்னங்க," என்றாள் சுகிர்தம். அவள் இந்தக் கதையில் தன் புருஷனைத் தடுத்துச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான். பிறகு பிளேட்டிலிருந்து ஊசியை எடுத்துவிட்டாள்.

அய்யாத்துரை நாற்காலியிலிருந்து எழுந்தார். "இங்கன அழுத்திப் பேசணும். விட்டா நின்னுரும்."

மொக்கம்மாள் உட்காரவில்லை. நின்றபடியே குனிந்து, பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தினாள். முறத்தில் ஒட்டியிருப்பதைத் தட்டுகிற மாதிரி மைக்கை இரண்டு தட்டுத் தட்டினாள். கடைவீதியில் நாலு காகம் பறந்தது.

"அல்லிநகரத்துப் பெரியவுகளுக்கு மொக்கம்மா பேசுறேன். பதினோரு வருசமா உங்ககிட்டப் பேசுனதில்ல. இப்பவும் மூஞ்சியப் பாத்துப் பேசல, தப்பா எடுக்காதீக. உங்க தம்பி செத்ததப் பாத்தவுக யாரும் இல்ல. பாக்காத சாவுக்கு என் கழுத்துல கை வைக்கப்படாது. நாளைக்குக் கருமாதி வேணாம். புள்ளைக்கு ஆவணியில கல்யாணத்த நடத்துங்க. போடிக்காரவுக கேட்டா, அவுக வர்ற வரைக்கும் உங்க வீட்டு நல்லது கெட்டதுக்கு நான் வரமாட்டேன்னு சொல்லிருங்க. நான் தனியா ஒல வச்சுக்கிறேன். என்னால உங்களுக்கு ஒரு தட்டுத் தடங்கலும் வராது. இதுக்குச் சரின்னு சொல்லுங்க."

பொத்தானை விடாமல் காத்திருந்தாள். கடைவீதியில் தராசு பிடித்தவன் தராசைப் பிடித்தபடி நின்றான். பிச்சைமணி பெஞ்சிலிருந்து எழுந்தார், சட்டப்படி இதில் குற்றம் என்ன என்று யோசித்தார், திரும்ப உட்கார்ந்தார்.

"என்ன சொன்னாக?" என்றாள் மொக்கம்மாள், அய்யாத்துரையைப் பார்த்து.

"தாயி, இது போற வழி மட்டும்தேன். வர்ற வழி கெடையாது."

அவள் கையை எடுத்தாள். டக். கட்டைவிரல் வெளுத்திருந்தது. சுகிர்தம் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், அவள் அதை வாங்கிக் குடிக்காமல் பிடித்துக்கொண்டே நின்றாள். எனக்கும் அந்த நேரத்தில் ஒன்றும் எழுத ஓடவில்லை. வர்ற வழி இல்லாத கம்பிக்கு ஆசிரியனும் ஒன்றும் செய்ய முடியாது.

முக்கால் மைலை நடந்து கடப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் கழித்துக் கருத்தம்மாள் மாடியேறி வந்தாள். மூச்சு வாங்கியது. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"சொல்லுங்கக்கா."

"குழாய அண்ணாந்து பாத்துக்கிட்டே நின்னாக. நீ பேசி முடிச்சதும், துண்ட இடுப்புல எறக்கிக் கட்டிக்கிட்டு..." கருத்தம்மாள் மூச்சை இழுத்தாள். "'சரி தாயி'ன்னாக. சத்தமாத்தேன் சொன்னாக. குழாய்க்குக் கேக்கணும்னு. இருவது பேரு பாத்துக்கிட்டு நின்னாக. எவனோ ஒருத்தன், அதுக்குக் காது கெடையாது மாமான்னு சொன்னான். மறுபடியும் சொன்னாக, 'சரித்தா, நீ சொன்னபடியே'ன்னு."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லல. அழுதாக." பிறகு கொஞ்சம் தயங்கி, "இத நான் கூட்டவுமில்ல, கொறைக்கவுமில்ல மொக்கம்மா," என்றாள்.

குழாயைப் பார்த்துச் சொன்ன வார்த்தையை இருபது பேர் முன்னால் திரும்ப எடுக்க முடியாது. குழாயில் வந்ததற்குப் பதிலாகச் சொன்னதும் குழாயில் வந்தது மாதிரிதான் என்று அல்லிநகரத்தில் அன்று முடிவாயிற்று. வியாழக்கிழமை கருமாதி நடக்கவில்லை. வைக்கோல் மாட்டுக்குப் போயிற்று.

மொக்கம்மாள் அப்போதுதான் அந்தத் தண்ணீரைக் குடித்தாள்.

10

இனி முடிவு.

எனக்கு அவள்மேல் பொறாமை. நான் இரண்டு ஆம்ப்ளிஃபயரும் முக்கால் மைல் கம்பியும் ஜப்பான் சர்க்காரும் கொண்டுவந்து, கடல் கடந்து ஒரு பெயரை அவள் வீட்டு வாசலில் சேர்க்கப் பாடுபட்டேன். அவளுக்கு வேண்டியிருந்தது அந்தப் பெயர் அல்ல, மைக். இது எனக்கு ஒன்பது பகுதி எழுதிய பிறகுதான் தெரிந்தது. அவளுக்கு எப்போது தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்கிற ஆளும் இல்லை.

அந்த நாலு விநாடியில் அய்யாத்துரையின் காதில் என்ன விழுந்தது என்று எனக்குத் தெரியும். நான்தானே வாசித்தவனுக்கு எழுதிக் கொடுத்தேன். அது என் நோட்டில் ஒரு வரியாக இருக்கிறது. மதுரை ஜில்லாவில் அன்று வாசித்த ஏழு பெயர்களும் ஊரோடு இருக்கின்றன. அய்யாத்துரை அதைச் சுகிர்தத்திடம்கூடச் சொல்லவில்லை. அதன்பின் நாலு வருடம் மொக்கம்மாள் தினமும் அவர் கடைக்கு வெற்றிலை கொடுத்தாள், கழுத்தில் தாலியோடு. ஒரு நாளும் கேட்கவில்லை. அவரும் ஒவ்வொரு நாளும் அவள் கேட்பாளோ என்று வாயைத் திறந்துவைத்துக்கொண்டு, வெற்றிலையை வாங்கிக்கொண்டு, மூடிக்கொண்டார்.

நீங்கள் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. பணம் கொடுத்து வாங்கிப் பத்துப் பகுதி படித்திருக்கிறீர்கள், நியாயம்தான். ஆனால் கேட்க உரிமையுள்ளவள் அவள் ஒருத்திதான். அவள் கேட்காத ஒன்றை நான் உங்களிடம் எப்படிச் சொல்வேன்?